உன் கணக்கை மூடிய நாள்

இன்று காலை அலுவலகத்துக்குப் புது தொடுதிரை ஒன்று வந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தபோது ஒரு வாசனை கிளம்பியது. பசையும் சூடும் கலந்த வாசனை. கையில் தாளோடு அப்படியே நின்றுவிட்டேன். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் சேர்ந்து முதல் திரையை உரித்த நாள் அப்படித்தான் மணத்தது.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நம் கம்பெனி. மொத்தம் நாலு பேர். நீ வல்லம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். உன் அப்பா நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார்; வறுத்து டப்பாவில் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பாய். தொடுதிரையில் எது எங்கே வர வேண்டும் என்று வரைவது நம் வேலை; அதற்கு அப்போது நமக்குப் பெயர் தெரியாது. "என்ன வேலைம்மா?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், "ஸ்கிரீன் போடறோம்" என்பாய். அவர்கள் சினிமா தியேட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்கும் திரை நான் வரைந்தது. மாட்டி இரண்டாம் நாள், போய்ப் பார்க்கலாம் என்று நீதான் இழுத்துக்கொண்டு போனாய். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரை முன்னால் நின்றார். பிறந்த தேதி கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினார். சிவப்பெழுத்தில் மறுபடி பிறந்த தேதி கேட்டது. திரையில் பின்னால் போகவும் வழியில்லை, அந்தப் பொத்தானை நான் வைக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஜல்தி ஜல்தி என்றார்கள். அந்த அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். நான் உதவப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். "ஒரு நிமிஷம் இரு. பாரு," என்றாய். மூன்றாவது முறையும் விரலைத் துடைத்தபோது நீயே ஓடிப்போய் அவருக்கு டோக்கன் எடுத்துக் கொடுத்தாய்.

திரும்பும் பஸ்ஸில் மயிலம் தாண்டியதும் நீ சொன்னாய்: "வெரல தொடச்சாங்க பாத்தியா? தப்பு தன் வெரல்லன்னு நெனச்சிக்கினாங்க. தப்பு நம்ம ஸ்கிரீன்லடி."

அந்த வாரமே 'தேதி தெரியாது' என்று ஒரு பொத்தானும், பின்னால் போக ஒரு பொத்தானும் வைத்தோம். நான் செய்த வேலைகளில் இன்றைக்கும் வெட்கப்படாமல் சொல்லக்கூடியது அந்த இரண்டு பொத்தான்கள்தான்.

பிறகு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே சாமான்கள் வாங்கும் ஒரு ஆப். 'யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைனர்' என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். நீ அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "ஸ்கிரீன் போடறவதான?" என்று சிரித்தாய். தினமும் ரயிலில் போய் வந்தேன். இரண்டாம் வருடம் ஒரு மீட்டிங். கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அந்த வழியைக் கடினமாக்கு என்றார் மேலாளர். கடினமாக்கினேன். மூடும் பொத்தானை 'உதவி'க்குள், அதற்குள்ளே 'மற்றவை'க்குள் வைத்தேன். காரணம் கேட்டேன். தள்ளுபடி காட்டினேன். கடைசியில், கணக்கு வைத்திருப்பவரே போனில் பேசினால்தான் மூட முடியும் என்று ஒரு வரி எழுதினேன். ஆப்பைத் திறக்காதவர்களுக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அந்த வாசகமும் என்னுடையது: 'உங்களைக் காணோமே! உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.' எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

நான் செய்தது என்பதற்காகவே நீ அந்த ஆப்பை உன் போனில் வைத்திருந்தாய். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதைத் திறந்து காட்டிக் கேட்டாய்: "உள்ள வர்றதுக்கு இம்மாம் பெரிய பட்டன் வெச்சிருக்க. வெளிய போறது எங்க?" அடுத்த முறை மாற்றிவிடுவோம் என்று பொய் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "நீயே மாட்டிக்கினு இருக்கியாடி?" என்றாய். அது அக்கறை. எனக்கு அது குத்தலாகப் பட்டது. ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம் என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன். அதன் பிறகு ஐந்து மாதம் நாம் பேசவில்லை. காய்ச்சல் என்று படுத்த நீ நான்காம் நாள் போய்விட்டாய்.

முப்பதாம் நாள் பூசைக்குத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் கிளம்பிய பிறகு உன் அம்மா உன் போனை எடுத்துவந்தார். தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். "யாரும்மா இது? தெனம் ஆறு மணிக்குக் கேக்கறாங்க. பாவம், தெரியாது போல. அவ இல்லன்னு சொல்லிடேன்," என்றார்.

வாங்கிப் பார்த்தேன். என் வரி. ஒன்றன் கீழ் ஒன்றாக, முப்பது நாளும்.

ஆப்பை எடுத்துவிட்டாலும் எஸ்.எம்.எஸ். நிற்காது, கணக்கை மூட வேண்டும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் போட்ட வழியில் நானே நடந்தேன். உதவி. மற்றவை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. கொடுத்திருந்த ஐந்து காரணங்களில் உன்னுடையது இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன். தள்ளுபடி காட்டியது. கடைசியில் போன் செய்தேன். கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும் என்றாள் ஒரு பெண். அவள் இறந்துவிட்டாள் என்றேன். பிறகு அதே வரியை, இன்னும் மெதுவாக, மறுபடி படித்தாள். அவளுக்கும் அதைத் தவிர வேறு வழி கொடுக்கப்படவில்லை. எழுதிக்கொடுத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். உன் ஒருத்தியின் கணக்கை மட்டும் நீக்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வழியை மாற்றலாமா என்று கேட்டேன். இப்படி எத்தனை பேருக்கு நடக்கப்போகிறது என்றார். நான் வாதாடவில்லை. வேலையையும் விடவில்லை. சாயங்கால ரயிலில் ராஜினாமா கடிதத்தை மனசுக்குள் எழுதுகிறேன். திண்டிவனம் வருவதற்குள் என் வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் நினைவுக்கு வந்து அதை அழித்துவிடுகின்றன. இன்று வந்த திரைக்கும் நான்தான் வரையப்போகிறேன்.

கணக்கை மூடிய பத்து நாள் கழித்து உன் அம்மா கூப்பிட்டார். சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன், இனிமேல் வராது என்றேன். அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஆறு மணியானா போனையே பாத்துக்கினு ஒக்காந்திருக்கேம்மா," என்றார். "அவங்களாவது அவளக் கேட்டுக்கினு இருந்தாங்க."

இப்போது மாலை ஆறு மணியானால் நான் அவருக்குப் போன் செய்கிறேன். உன்னைப் பற்றிக் கேட்கிறேன். அவர் சொல்கிறார்.