வால்வுக்குக் கீழே இருந்த சின்ன எண்

நவம்பர் 11, காரகண்டா

காலையிலேயே ஒராஸோடு சண்டை. ஒன்பது வருஷமாகப் பக்கத்து மேசைக்காரன். நான் கணினியில் வரைவது கொதிகலன் நிலையத்து நீராவிக் குழாய் வரைபடம். மூன்று வால்வுகள், கே₁, கே₂, கே₃. அந்த எண்ணைச் சின்னதாக்கிக் கீழே இறக்க, கூரை மாதிரியான ^ குறி போட்டு, எண்ணை அடித்து, இரண்டையும் தேர்ந்தெடுத்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? எண்ணையும் ஒரே அளவுல அடிச்சாப் போதாதா?" என்றான்.

"ஒன் வேலையப் பாருடா சோம்பேறி!"

நவம்பர் 14

வரைபடம் முடிந்தது. கொதிகலன் நிலையத்தில் இருப்பது ஓட்டைக் கணினி, சேர்த்து அடுக்கிய எழுத்தும் பெரிய கோப்பும் அதற்கு ஆகாது. அதனால் வழக்கம்போல ஒரு நகலெடுத்து அதில் என் துப்புரவு நிரலை ஓடவிட்டேன். எழுத்துகளைத் தனித்தனியாக உடைத்து, வரைபடத்தில் சிதறிக்கிடக்கும் தூசி தும்பை அழித்துவிடும். நானே எழுதியது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒராஸ் அந்த நகலை அனுப்பிவைத்தான்.

நவம்பர் 19

கொதிகலன் நிலையத்தில் நீராவி பீறிட்டு தாவ்ரென் என்ற ஃபிட்டர் வெந்துபோனான். முகம், கழுத்து, இரண்டு கை.

நவம்பர் 20

அவன் அண்ணன் மிர்சபெக் இரும்புக் குழாயோடு அலுவலகத்துக்குள் நுழைந்தான். இன்னொரு கையில் எங்கள் வரைபடம். "எந்த நாய் வரைஞ்சது? மூணு வால்வு, மூணுலயும் வெறும் கே! எந்தக் கேயை மூடுவான் என் தம்பி?" அடித்த அடியில் ஒராஸின் திரை தூள்.

நான் என் கணினியில் இருந்த மூலக் கோப்பைத் திறந்து காட்டினேன். எண்கள் இருந்தன. பிறகு – ஐயோ, எழுதக் கை வரவில்லை – ஒராஸைக் காட்டினேன். "அனுப்பினது இவன்தான். எண்ணு எதுக்குன்னு அன்னைக்கே கேட்டான்."

தாடை உடையும் சத்தம் கேட்டது. தரையில் விழுந்தவனை மிதித்தான். நான் தடுத்தேனா? இல்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 21

எண்களை அழித்து அனுப்பினான் என்று ஒராஸ் மேல் வழக்கு. அவனை அடித்தவன் மேல் யாரும் புகார் தரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் காவலோடு கிடக்கிறான்.

நவம்பர் 23

துப்புரவு நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? பார்க்காமலே இருந்திருக்கலாமே.

உடைத்ததும் சின்ன எண்கள் தனியாக விழுகின்றன. இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்தெல்லாம் தூசி என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். கண்ணெதிரே மூன்றும் மறைந்தன. ஒராஸ் ஒன்றையும் தொடவில்லை. நான்தான். பாவி, நான்தான்!

குளியலறைக் கண்ணாடியைக் குத்தி உடைத்தேன். ஆறு தையல்.

நவம்பர் 24

மிர்சபெக் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லத் தொடங்கினேன். வாசலுக்கு வந்த யாருக்கும் கொடுக்கும் வழக்கப்படி அவன் ரொட்டித் தட்டை நீட்டினான். "மொதல்ல கடி."

"வேண்டாம். ஒங்க ரொட்டியத் தின்னா நான் விருந்தாளி, அப்புறம் என்னை அடிக்க மாட்டீங்க."

"கடின்னு சொல்றேன்ல!"

கடித்தேன். சொல்லி முடித்தேன். அவன் கை ஓங்கி அப்படியே நின்றது. தட்டைச் சுவரில் வீசி அடித்தான். "அந்த ஆளு என்னடி பண்ணான்? நான் அவன் மூஞ்சிய ஒடச்சேனே!" என்று அலறிவிட்டு, தன் தலையையே சுவரில் மோதிக்கொண்டான்.

நவம்பர் 25

என்னைத் தம்பியிடம் கூட்டிப்போனான். முழுக்கக் கட்டு. வாய் மட்டும் தெரிகிறது. "வரைஞ்ச அக்காவா?" என்றான் தாவ்ரென். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எதை மூடியிருக்கணும்?"

"ரெண்டாவதை."

"அதுலதான் மொதல்ல கை வச்சேன்," என்றான். "அப்புறம் எதுக்கும் வரைபடத்தப் பாத்துக்குவோம்னு கைய எடுத்துட்டேன்."

டிசம்பர் 2

நடந்ததையெல்லாம் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வழக்குத் தாளில் ஒராஸ் பெயரை அடித்து, அதே தாளில் என் பெயரை எழுதினார்கள். அவனைப் பார்க்கப் போனேன். தாடையில் கம்பி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.