கயித்தை விட்டுட்டுக் கும்பிட்டவருக்கு

பிரியா அப்பாவுக்கு,

குண்டான்ல சாமைக் கஞ்சி இருக்குது, குடிச்சிட்டுக் கிளம்புங்க. ஓட வர்றவங்களுக்குச் சமைக்க நான் முன்னாடியே போறேன். மோகன் சார் ஆறு மணிக்கு வூட்டுக்கே வந்துடுவாரு.

பார்வையில்லாதவங்களுக்கு உதவி சேர்க்கத்தான் இந்த ஓட்டமே. கண்ணு தெரியாத மோகன் சார், நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையாப் புடிச்சிருக்குற கயித்தை நம்பி ஓடுறாரு. நேத்து ஓடிப் பழகும்போது நீங்க இன்னா பண்ணீங்க? நெல்லிவாசல் வளைவுல மாரியம்மன் கோயிலைப் பார்த்ததும் கயித்தை விட்டுட்டு ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டீங்க! அவரு நேராப் போய்ப் பள்ளத்துல விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டாரு. கேட்டா, "பழக்கம் நதியா, கை தானாப் போய்டுச்சு"ன்றீங்க. நல்லா வருது எனக்கு வாயில!

அவரானா முட்டியில கட்டோட, "ஓடினா அவரு கூடத்தான்"ன்றாரு. எங்க போய் முட்டிக்கிறது நான்?

சாவியைப் பக்கத்துல கெங்கம்மா வூட்ல குடுத்துடுங்க.

நதியா

இன்னொண்ணு. கோயில் வழியாத்தான் போறேன். உங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு, "இன்னிக்கு எங்க வூட்டுக்காரரு உன்னைக் கண்டுக்காம ஓடுவாரு, கோச்சிக்காத தாயே"ன்னு சொல்லிட்டுப் போறேன். நீங்க கயித்தை மட்டும் விடாதீங்க.