உன் படத்தோடு வந்த கோல்

என் தங்கமே, அம்மா,

உன்னை மண்ணுக்குள் வைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்று உன் போனிலிருந்து எனக்குக் கோல் வந்தது.

கண்டியில் கடை வேலை முடிந்து ஹேவாஹெட்ட பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அம்பிட்டிய ஏற்றத்தில் போன் அதிர்ந்தது. திரையில் நீ சிரிக்கிறாய். கீழே ‘அம்மா’ என்று எழுதியிருக்கிறது.

குவைத்திலிருந்து உன் உடலோடு வந்த சாமான்களில் போன் இல்லாதது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. நீ சாகவில்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வேறு யாரையோ எங்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றே நம்பினேன். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்களே! உன் முகத்தைப் பார்க்காதவள் வேறு எதை நம்புவாள்?

“அம்மா!” என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“நீ யாரு? அம்மாகிட்ட குடு” என்றது ஒரு சிறு பிள்ளையின் குரல்.

தமிழ், அம்மா. நம் தோட்டத்து லயத்துத் தமிழ்.

அங்கேயே பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். “நங்கி, ஒங்க எடம் இன்னும் வரல்லயே” என்று சிங்களக் கண்டக்டர், தங்கச்சியிடம் சொல்வதுபோல, சொன்னது காதில் ஏறவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன்.

“நான் நூரா. அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு எங்க பாபா சொன்னாரு. இன்னும் வரல. அம்மா என்ன செய்றாங்க?”

நீ வேலை செய்த வீட்டு ‘மெடத்தோட புள்ள’ என்று மட்டும்தானே எனக்குச் சொல்லியிருந்தாய்? அவள் உன்னை அம்மா என்று கூப்பிடுவதை ஏன் சொல்லவில்லை? எனக்கு வலிக்கும் என்றா? வலித்தது, அம்மா. எனக்கு வாரம் ஒருமுறை போனில் வரும் வெள்ளிக்கிழமைக் குரலாக மட்டும் இருந்த நீ, அவளுக்கு முழு அம்மாவாக இருந்திருக்கிறாய்.

“அம்மா தூங்குறாங்க” என்றேன்.

“பொய் சொல்லாத. பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்.”

எந்தச் சாமியை நினைத்துச் சொன்னாளோ! ஆனால் பேச்சில் அந்த இழுப்பு உன்னுடையது. அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“நூரா, அம்மா செத்துப் போயிட்டாங்க. தூங்கும்போதே நெஞ்சு நின்னுடுச்சாம். இங்க மலையில பொதச்சிருக்கோம்.”

அவள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப ஒனக்கு யாரு சடை பின்னுவா?”

நீ விமானம் ஏறியபோது என் முடி பின்னுகிற அளவுக்கு வளர்ந்திருக்கவேயில்லையே.

“அம்மாவோட தங்கச்சி, சித்தி பின்னிவிடுவாங்க” என்றேன்.

“எனக்கு யாருமே இல்ல” என்று சொல்லி அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். நீ செத்த செய்தி வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. யாரோ பெரியவர் அரபியில் ஏதோ சொன்னார், கோல் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அந்தப் புள்ள தமிழா பேசுச்சு?” என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு, “ஒங்கம்மா ஒரு புள்ளய இங்க விட்டுட்டுப் போனா. இப்ப இன்னொன்ன அங்க விட்டுட்டு வந்துட்டா” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் உன் படம் திரையில் வந்தது. இன்னும் பழகவில்லை. முதலாளி முறைத்தார். ஆனாலும் எடுத்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. “சாப்ட்டியா கண்ணு?” என்றேன். “ம்” என்றாள்.

அவள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன், அம்மா. சத்தியம். நீ எந்தப் பாட்டுப் பாடித் தூங்கவைப்பாய், கோபம் வந்தால் எப்படி இருப்பாய், காய்ச்சல் வந்தால் எங்கே கை வைத்துப் பார்ப்பாய் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

உன் மூத்த மகள்