உள்ளே விட்ட துணி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அதில் ஒருவர் மற்ற இருவரின் நலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கொழுகொழுவென்று இருக்கிறார். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால்கனிக் கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கையால் தொட்டால் ஈரமா, வெறும் குளிர்ச்சியா என்று தெரிவதில்லை. கன்னத்துக்குத் தெரிகிறது. பதினான்கில் ஒன்பது ஈரம். நான்கு நாளாக மழை. அத்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் சட்டையையே இத்தனை வருஷமாகச் சுருக்கத்தோடு போட்டுக்கொண்டு போன மனுஷர், இப்போது உன் மகனின் துணிக்கு ஓரம் பார்த்து இஸ்திரி போடுகிறார். "துரைக்கு மடிப்பு கலையக் கூடாது" என்கிறார். துரை அதை அரை மணி நேரத்தில் என்ன செய்வார் என்பது உனக்குத் தெரியும்.

போனில் நீ கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி என்றுவிடுவேன். பென்சில் பெட்டி காலத்திலிருந்து நமக்குள் அதுதான் ஏற்பாடு. அதனால் எழுதுகிறேன். இன்னும் இரண்டு வருஷம் வேலையை நீட்டித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை பிள்ளை உன்னிடமே இருக்கட்டுமா அக்கா என்று கேட்டாய். மூன்று மாதக் குழந்தையாக விட்டுப் போனாய். இப்போது எட்டு மாதம் முடியப் போகிறது.

அதற்கு முன் துணிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் டயப்பர் போட்டுத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து போனது என்று சொன்னேன் அல்லவா. டாக்டரம்மா துணிக்கு மாறச் சொன்னார். நூலகத்தில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். டவல் துணியில் ஆறு தைத்தேன். நன்றாகத்தான் உறிஞ்சியது, ஆனால் இரண்டு நாளானாலும் காயவில்லை. அடுத்து பனியன் துணியை நாலு மடிப்பாக வைத்துத் தைத்தேன். மெத்தென்று இருக்கட்டும் என்று, வாசனையாக வருமே அந்தத் திரவம், அதைப் போட்டு அலசினேன். அன்று முழுக்க என் மடியெல்லாம் நனைந்தது. துணி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

கீழ் வீட்டுத் தையற்காரம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மெழுகு பூசின மாதிரி ஆக்கிட்டியேம்மா! தண்ணி எப்படி உள்ள போகும்? காலேஜ் படிச்ச பொண்ணு!" டயப்பருக்கு அணையாடை என்று ஒரு புத்தகத்தில் பார்த்த சொல்லை நான் சொன்னதற்கு, "என்ன பேரு வெச்சாலும் அது பீத்துணிதான்" என்றார். ஆனாலும் பகலில் சும்மா கிடக்கும் தன் இரண்டாவது மெஷினை எனக்கு விட்டுக்கொடுத்தார். ஈரம் வெளியே வராமல் மேலே மாட்டும் உறையின் ரெயின்கோட் துணியில் குண்டூசி குத்தக் கூடாது, குத்தினால் அந்த ஓட்டை வழியே கசியும் என்று அவர்தான் சொன்னார். துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு தைக்கிறேன். எலாஸ்டிக்கை இழுத்துத் தைத்தால் தொடையில் தடம் விழுகிறது, தளர்த்தினால் ஒழுகுகிறது. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் முதுகு போய்விட்டது. தைக்கும்போதே தூங்கி, விரலில் ஊசி ஏற்றிக்கொண்டேன். பயப்படாதே, ஆறிவிட்டது.

போன வாரம், புதிதாக எட்டு தைக்கலாம் என்று பேசும்போது, அவர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "உள்ள துணி விட்டு வெட்டவா, அளவா வெட்டவா? விட்டு வெட்டினா, பிரிச்சுப் பிரிச்சு விட்டு ரெண்டு வயசு வரைக்கும் ஓட்டிடலாம். அளவுன்னா ரெண்டு மாசம் தாங்கும். பிள்ளை எத்தன நாளைக்கு இங்க இருக்கும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். உன் பள்ளிக்கூடப் பாவாடை நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத பட்டை ஒன்று தெரியும். அதை மறைக்க நீ பையைப் பிடித்துக்கொண்டே நடப்பாய்.

மறுநாள் துணிக்கடைக்குப் போனேன். மூன்று மீட்டர் போதும். கடைக்காரர் துணியை விரித்துக்கொண்டே, "பேரனுக்காம்மா?" என்றார். "என் பையனுக்கு" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. அவர் என் முன்தலை நரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சந்தோஷம்மா. லேட்டானா என்ன, நல்லா வளரட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது ஏழு மீட்டர் என்றேன். ஏழு! பஸ் நிறுத்தத்துக்கு வந்து பொட்டலத்தின் கனம் கையில் தெரிந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். எனக்கே அது அன்றைக்கு மறந்துபோயிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தினமும் உன் போட்டோவைக் காட்டி அம்மா என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னாய். மூன்று வாரமாகக் காட்டவில்லை. அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டோ அலமாரியில் மேல் தட்டில்தான் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும்.

திங்கட்கிழமையோடு என் லீவு முடிகிறது. தலைமை நூலகர் போன் செய்து, "வர்றீங்களா, இல்ல ஒரேயடியா ரெஸ்ட்டா?" என்று கேட்டார். கிண்டல்தான், ஆனாலும் பதில் எதிர்பார்க்கிற கிண்டல். நீட்டிப்புக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதில் காரணம் என்ற இடத்தில் குழந்தை வளர்ப்பு என்று போட்டிருந்தேன். கொடுக்கவில்லை. இனி கொடுக்கப் போவதும் இல்லை. பகலில் அவனைத் தன் மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகத் தையற்காரம்மா எப்போதோ சொல்லியிருக்கிறார், உங்களில் யாராவது வந்து சேரும்வரை அது போதும். அந்தப் பேச்சை நான் பிடித்துக்கொண்டது அவருக்கு இன்னும் தெரியாது.

இன்று காலை, காய்ந்த ஐந்தை மடித்து வைத்துவிட்டுக் கீழே போனேன். அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நானே வெட்டினேன். அளவாக. தையலுக்கு வேண்டிய கால் அங்குலம் தவிர ஒரு நூல்கூட உள்ளே விடவில்லை. எட்டு வெட்டி முடித்தபோது துரை தரையில் உட்கார்ந்து துண்டுத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

மீதி நாலு மீட்டரை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைக்கிறேன். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் காகிதத்தில் அளவு வெட்டி அதற்குள் வைத்திருக்கிறேன். அடுத்த அளவை நீ தைத்துக்கொள். எலாஸ்டிக்கைத் தொடை அளவில் முக்கால் பங்கு வெட்டு, அதற்குக் குறைக்காதே. வாசனைத் திரவம் போடாதே. தைத்து முடித்ததில் ஒன்றையும் வைத்திருக்கிறேன். அதை இடுப்பில் மூன்றாவது பட்டனில் மாட்டிப் பார். உன் மகனின் இடுப்பு இப்போது அவ்வளவு.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அவனை மட்டும் வந்து கூட்டிக்கொண்டு போ. உனக்கு முடியாவிட்டால் உன் வீட்டுக்காரரை அனுப்பு. எனக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொள், அதில் பொய்யும் இல்லை. அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டே அவனிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருக்கிறார்.

மகராசியாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வாம்மா, நான் மனசு மாறுவதற்குள்.

உன்
அக்கா