கேள்வி உனக்கா வந்துச்சு?

என் கூடப் பிறக்காத அக்கா, லாத்தா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறேன், இன்னும் எலுமிச்சம்பழத்தை முகராமல் என்னால் பஸ்ஸில் போக முடியவில்லை. இன்று காலை சங்கரன்கோவிலில் மகனோடு திருநெல்வேலி பஸ் ஏறி, பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்ததும் எலுமிச்சைக்குப் பேர்போன உங்கள் புளியங்குடி வாசனை வந்தது. சன்னலோரம் கரிசல் காடு மெல்ல நகர்ந்தது. பாதிக் கண் மூடியிருந்த எனக்குப் பக்கத்தில் நீங்கள் இருப்பதாகவே பட்டது. சற்று நகர்ந்துகூட உட்கார்ந்தேன். உங்களுக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டுமே.

நீங்கள் கண்மூடி மவுத்தாகி ஒரு நோன்பும் வந்து போய்விட்டது.

நம் பிள்ளைகளை ஆராய்ச்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா? என் மகன் பள்ளிக்கூடத்தை விட்டு, பேச்சையும் விட்டிருந்த காலம். உங்கள் மகளுக்கும் அதே டாக்டரம்மாதான் மருந்து கொடுத்தார். சின்ன வயதில் மனசு நோகிற பிள்ளைகளைப் பற்றி ஆராயப் போகிறோம், என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அந்தப் பிள்ளைகளே சொல்லட்டும் என்றார். எனக்குப் பயம். இவன் வாயைத் திறக்காவிட்டால், இனி தேறமாட்டான் என்று முடிவுகட்டிவிடுவார்களோ என்று. அதனால் அவனைக் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

"தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லாத் தூங்குவான் டாக்டர். அவங்கப்பா குறட்டைக்கே முழிக்க மாட்டாம்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

நீங்கள் என் தொடையில் கிள்ளினீர்கள். "ஏட்டி, கேள்வி உனக்கா வந்துச்சு?"

அடுத்த கேள்விக்கும் நான் வாயைத் திறந்தேன். ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளே திணித்துவிட்டீர்கள். பழம் கரைந்தது. கொட்டையைத் துப்ப இடமில்லை, பெரிய ஆட்கள் இருக்கிற அறை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இருந்தேன். மின்விசிறி சுற்றியது. வேப்பமர நிழல் சுவரில் தண்ணீர் போல அசைந்தது. நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது. எனக்கே மறந்துபோயிருந்த குரல்.

"எங்கம்மா இல்லாதப்ப கேளுங்க டாக்டர். அவ இருந்தா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன். அவ சிரிச்சிக்கிட்டே இருக்கணும்லா."

அந்தக் கொட்டை என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அப்போ எல்லாப் பிள்ளைங்களையும் முதல்ல தனியா வச்சுக் கேக்கலாமா?" என்று டாக்டரம்மா அவனிடமே யோசனை கேட்டார். அவன் தலையாட்டினான். வாசலுக்கு வந்ததும் நான் அழுதேன். "அழுகையிலயும் உனக்குப் பேச்சு நிக்கலியே ஏட்டி" என்று முந்தானையால் என் மூக்கைத் துடைத்தீர்கள்.

இப்போது அம்மாக்களுக்கெல்லாம் வெளியே பெஞ்சுதான். உங்கள் மகள் தனியாகவே வந்து, புதுப் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்கிறாள். கிள்ளுவது மட்டும் உங்களைப் போல இல்லை, மெதுவாகக் கிள்ளுகிறாள். என் மகன் உள்ளே போய் நிறையப் பேசுகிறானாம். என்ன பேசினான் என்று என்னிடம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. யாராவது அவனிடம் ஏதாவது கேட்டால் என் தொடையில் அந்த இடம் சுரீர் என்கிறது, வாயை மூடிக்கொள்கிறேன். நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அதுதான் லாத்தா.

இன்று அங்கிருந்து திரும்பும்போது கண்டக்டர் அவனிடம், "எங்கன போணும் தம்பி?" என்றார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் ரூபாயை எடுத்து நீட்டினான்.

"ராஜபாளையம் ரெண்டு" என்றான்.

பஸ் எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் நின்றது. புறப்பட்டது. ராஜபாளையத்தில் இறங்கினோம். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது.