மகள் ரத்தத்தில் இருந்த எட்டு

என் மாமாவுக்கு,

உன் பெண்டாட்டிதான் எழுதுகிறேன். நீ முகம் பார்க்காமலே போன மகளுக்கு இன்று ஆறு மாதம். ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய், இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு மாமா.

நான் மூன்று மாதமாக இருந்தபோது என் ரத்தத்தில் சிபிலிஸ், மேகநோய் என்றார்களே, நினைவிருக்கிறதா? எனக்கு ஊசி போட்ட நர்ஸம்மா உன் பெயருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "உன் ஊட்டுக்காரரும் டெஸ்ட் எடுத்து ஊசி போட்டுக்கணும். இல்லேன்னா உனக்குத் திரும்ப வரும், கொயந்தைக்கும் போவும்." நீ சீட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "ஷிப்ட்டு கீது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாய். மாதக்கணக்கில் அதையேதான் சொன்னாய். கடைசியில் கும்மிடிப்பூண்டி ரோட்டில் உன் பைக் மேல் லாரி ஏறிவிட்டது.

மகள் பிறந்ததும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு எட்டு, எனக்கும் எட்டு. மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போய்ப் புளிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரியாம். ரத்தத்தை எட்டு மடங்கு நீர்க்க வைத்தும் நோயின் தடம் தெரிந்ததாம். நான் அழுததைப் பார்த்து லேப் அக்கா அதட்டினார். "அயுவாத. உன் ஒடம்பு நோயோட சண்ட போட்டதுதான் கொடி வயியா கொயந்தைக்கும் போயிருக்கும். உன்னுத விட நாலு மடங்கு, முப்பத்திரெண்டு வந்திருந்தா அவளுக்கே நோய்னு அர்த்தம். இப்ப சொல்ல முடியாது, கொறையுதானு பாப்போம்." எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் பத்து நாள் ஊசி போட்டார். பத்து நாளும் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

"பச்சக் கொயந்தைய இன்னாத்துக்கு இப்டிக் குத்துறாங்க?" என்று உன் அம்மா கேட்டார். மஞ்சக்காமாலை என்றேன். பொய் சொல்கிற வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

மூன்றாம் மாதம் இரண்டு. இன்று ஒன்றுமே இல்லை. "உன்னுது எல்லாம் போச்சு. இனிமே இது அவ ரத்தம்" என்றார் லேப் அக்கா. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

வந்ததும் உன் பழைய யூனிபார்ம் சட்டையை எடுத்தேன். பாக்கெட்டில் அந்தச் சீட்டு, நாலாக மடித்து, வேர்வையில் நைந்து. தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருந்தாய்? ஒருநாள் போகத்தான் நினைத்தாயா? பயமா, வெட்கமா? சொல்லியிருந்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பேனே.

உன் அம்மாவுக்குக் கடைசிவரை மஞ்சக்காமாலைதான், பயப்படாதே. ஆனால் ஒன்று. நம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அன்று, முதலில் பையனை ரத்தம் கொடுக்கக் கூட்டிப்போவேன். ஷிப்ட் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றானென்றால், அந்தச் சம்பந்தமே வேண்டாம்.

இன்னும் உன் மேல் கோபம் தீராத,
உன் மகளின் அம்மா