அத்தான் தொட்ட நீல எழுத்து

மார்ச் 3, திங்கள்

அத்தானின் போனுக்கு வந்த செய்தியில் இன்று இலவச மிக்ஸி விழுந்திருக்கிறது. போன வாரம் சைக்கிள். எந்தப் போட்டியிலும் சேராமலேயே ஜெயிக்கிற மனிதர். நான் போனைப் பிடுங்கியிருக்காவிட்டால் அடியில் இருந்த லிங்க்கை, அந்த நீல எழுத்தை, தொட்டிருப்பார். “சும்மா என்னன்னு பாக்கத்தான்” என்கிறார்.

மார்ச் 5, புதன்

அக்கா கேக்குக்குக் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவள் புருஷனை, அத்தானை, உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். லிங்க்கைத் தட்டக் கூடாது, விரலால் அழுத்திப் பிடித்தால் அது போகிற முகவரி முழுவதும் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசிப் புள்ளியை ஒட்டி இருப்பதுதான் அந்தத் தளத்தின் வீட்டுக்காரன் பெயர். அதற்கும் முன்னால் எத்தனை பெரிய கம்பெனியின் பெயர் இருந்தாலும் வெறும் வேஷம்.

“இதுக்கெல்லாம் யாருக்கும்மா நேரம் இருக்கு?” என்றார். மிக்ஸி ஜெயிக்க நேரம் இருக்கிறது.

மார்ச் 6

மறந்துவிட்டார். கேட்டுப் பார்த்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இணையத்தில் அக்கா கேக் விற்கிற பக்கத்துக்கு ஒரு செய்தி: படத் திருட்டுப் புகாராம், இன்றே மேல்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நீக்கப்படுமாம். அக்கா போனை என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் கடை கிடையாது, பலகை கிடையாது. யாருக்கு, என்றைக்கு, எந்தப் பெயர் எழுதிய கேக் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தின் செய்திப் பெட்டியில்தான். அதில் பதில் போடுவது நான்.

செய்தியில் இருந்த லிங்க்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். எவனோ டயர் வியாபாரியின் முகவரி. இப்படித்தான் இருக்கும் என்று தெரியாதா? அத்தானுக்கு உறைக்கட்டும் என்று குடும்ப குரூப்பில் அதை அப்படியே ஃபார்வர்ட் செய்து, அடியில் ‘போலி. யாரும் தொடாதீங்க’ என்று எழுதினேன்.

மார்ச் 12

பக்கம் போய்விட்டது.

தொட்டது அத்தான். டெலிவரிக்குப் போன இடத்தில் லிங்க்கைப் பார்த்தாராம், அடியில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையாம். “நீ அனுப்புனதாச்சே. நீ செக் பண்ணாம அனுப்ப மாட்டியேன்னுதான் பக்கத்தோட பாஸ்வேர்டைப் போட்டேன்.”

கத்தினேன். கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு? ஒரு வரி படிக்க முடியாதா?

அக்கா என்னைத்தான் பார்த்தாள். “தொடக் கூடாததை எதுக்குடி அனுப்புன?”

படமாக எடுத்து அனுப்பியிருக்கலாம். படத்தைத் தொட்டால் எங்கும் போகாது. இது எனக்குத் தெரியாததா — சே.

மார்ச் 15, சனி

எங்கள் பக்கத்தில் எவனோ கூலிங் கிளாஸ் விற்கிறான், அக்காவின் கேக் படங்களுக்கு மேலே.

காலையில் ஒரு அம்மா பெண் குழந்தையோடு வந்து நின்றார். பிறந்தநாள் கேக்காம். அக்காவுக்கும் எனக்கும் அப்படி ஓர் ஆர்டர் இருந்ததே நினைவில்லை. அந்தக் குழந்தை சமையலறையையே எட்டி எட்டிப் பார்த்தது. அக்கா மன்னிப்புக் கேட்டாள். நான் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மார்ச் 24

பக்கத்தை மீட்டுத் தர முடியாதாம், கம்பெனியிலிருந்து பதில். பதில் எழுதியது மனிதன்கூட இல்லை.

ஏப்ரல் 2, புதன்

அக்கா புதுப் பக்கம் தொடங்கிவிட்டாள். எனக்குக் குரூப்பில் பார்த்துத்தான் தெரியும். கணக்கைப் பூட்டிக் காக்கிற வழிமுறை ஒன்றைத் தேடி அவளுக்கு அனுப்பினேன். நல்ல தளம், இரண்டு முறை சரிபார்த்தேன்.

பதில் அவளிடமிருந்து இல்லை, அத்தானிடமிருந்து வந்தது. என் லிங்க்கை அழுத்திப் பிடித்து, முகவரியைப் படமெடுத்து, வீட்டுக்காரன் பெயரைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். ‘சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் தொடல.’

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். புதுப் பக்கத்துக்கும் நானே பதில் போடுகிறேன், பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டேன்.

“அவர்கிட்ட இருக்கு” என்றாள் அக்கா, க்ரீமிலிருந்து நிமிராமல்.

அத்தான் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். துடைத்துக்கொண்டே இருந்தார்.